பூனை ஆளும் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஏற்கெனவே பூனை இருக்கிறது, இப்போது ஒரு நாய்க்குட்டியும் வரப்போகிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பூனைகள் இருந்த வீட்டுக்கு இரண்டு முறை நாய்க்குட்டி கொண்டுவந்த அனுபவம் உண்டு. முதல் முறை சொதப்பினேன். அதன் தழும்பு முன்கையில் இன்னும் இருக்கிறது.

நாயும் பூனையும் ஒரே வீட்டில் ஒத்துப்போகுமா?

பெரும்பாலும் போகும். பிறவிப் பகைக்கு நம் ஆட்கள் கீரியையும் பாம்பையும்தான் சொல்வார்கள். நாய்க்கும் பூனைக்கும் நடுவில் இருப்பது அந்த அளவுக்கான பகை இல்லை, பெரும்பகுதி பாஷைக் குழப்பம்தான். நாய் வாலை ஆட்டினால் உற்சாகம். பூனை வாலை விசிறினால் எரிச்சல். நாய் மல்லாந்து படுத்தால் பணிவு அல்லது விளையாட்டு. மிரண்ட பூனை மல்லாந்தால் நான்கு கால் நகமும் தயார் என்று பொருள். நட்பாக வரும் குட்டிக்கு அறை விழுவது இப்படித்தான்.

இந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள முடியும். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாயர்ஸ்டைன், டெர்கெல் இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழும் நாய்களையும் பூனைகளையும் ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சேர்ந்து வாழும் நாயும் பூனையும் பெரும்பாலும் ஒன்றின் உடல்மொழியை மற்றொன்று சரியாகப் புரிந்துகொள்கின்றன என்று அதில் சொன்னார்கள். பூனை முதலில் வந்து நாய் பிறகு வந்த வீடுகளில் உறவு நன்றாக அமைவதாகவும், சிறு வயதிலேயே பழகினால் (பூனைக்கு 6 மாதம் வரை, நாய்க்கு 1 வயது வரை) இன்னும் எளிது என்றும் பார்த்தார்கள். ஆக, பூனை வீட்டுக்கு நாய்க்குட்டி வருவது நல்ல வரிசைதான்.

ஆனால் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்கும் படத்தை மனதில் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். நம்முடைய இலக்கு சலிப்பு. பூனை குறுக்கே நடந்தால் குட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பொம்மையைக் கடிக்கத் திரும்ப வேண்டும். அவ்வளவு போதும். நட்பு அதற்குப் பிறகு வந்தால் வரட்டும்.

எங்கள் பூனைக்குப் பத்து வயது. இந்த வயதில் அதற்கு இந்தத் தொல்லை தேவையா?

நேர்மையான கேள்வி. நலமாக, தைரியமாக இருக்கும் பூனையென்றால் பத்து வயது தடையில்லை. மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு என்று மருந்தில் ஓடும் பூனையென்றால் கொஞ்சம் யோசியுங்கள். வயதான பூனைகளில் மூட்டுத் தேய்மானம் மிகச் சாதாரணம்; வலியை வெளியே காட்டாது, உயரத்தில் தாவுவதை மட்டும் மெதுவாக விட்டுவிடும். தாவ முடியாத பூனையால் குட்டியிடமிருந்து தப்பவும் முடியாது. அலமாரிக்கு ஏற ஒரு ஸ்டூல், அதற்குப் பக்கத்தில் ஒரு பெட்டி என்று படிபோல வைத்துக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டின் உறவை அதிகம் தீர்மானிப்பது பூனை எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்பதுதான் என்று கண்டார்கள். நாயின் மனநிலை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. வேகத்தைப் பூனை தீர்மானிக்கட்டும் என்று நான் எல்லாரிடமும் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த இனம், எந்த வயதுக் குட்டி நல்லது?

குட்டிகள் உலகத்தை ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரை. நீண்ட காலம் நாய்களை வளர்த்துப் பார்த்த ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-ல் எழுதிவைத்த கருத்து இது; இன்றும் நிற்கிறது. தாயிடமிருந்து பிரிக்க 8 வாரமாவது ஆக வேண்டும். ஆக, 8 வாரத்தில் வரும் குட்டிக்கு, பூனை என்பதும் வீட்டில் ஒரு ஆள் என்று புரியவைக்க உங்கள் கையில் ஏறக்குறைய நான்கு வாரம் பொன்னான நேரம் இருக்கிறது.

இனத்தைப் பொறுத்தவரை, ஓடுவதைத் துரத்தவே வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள், எலி பிடிக்கும் டெரியர்கள், ஆடு மேய்க்கும் நாய்கள் ஆகியவற்றிடம் கூடுதல் உழைப்பு தேவைப்படும். முடியாது என்றில்லை. இனத்தைவிட அந்தக் குறிப்பிட்ட குட்டியைப் பாருங்கள்: பந்து உருண்டால் வெறிகொண்டு பாய்கிறதா, கூப்பிட்டால் அதை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கிறதா?

குட்டி வருவதற்கு முன் வீட்டில் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பூனைக்கென்று ஓர் அறை. குட்டி அங்கே நுழையவே கூடாது, அந்த முதல் சில வாரங்களுக்காவது. சாப்பாடு, தண்ணீர், லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி), நகம் கீறும் கட்டை, படுக்கை எல்லாம் அங்கே இருக்கட்டும். இவற்றைக் குட்டி வரும் நாளில் இடம் மாற்றாதீர்கள்; இரண்டு வாரம் முன்பே மாற்றிவிட்டால், மாறிப்போன வாழ்க்கைக்கும் அந்த நாய்க்கும் பூனை முடிச்சுப் போடாது.

மற்ற அறைகளில் உயரமான வழி வேண்டும். தரையில் குட்டி, மேலே பூனை. மதில் மேல் பூனை என்றால் தடுமாறுபவரைச் சொல்வோம், ஆனால் பூனையைக் கேட்டால் மதில்தான் உலகத்திலேயே தெளிவான இடம் என்று சொல்லும். அப்புறம், பூனை நுழையக்கூடிய அளவு இடைவெளி உள்ள ஒரு பேபி கேட் (வாசலில் மாட்டும் குட்டையான தடுப்புக் கதவு), குட்டிக்கு ஒரு கூண்டு, ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை), லீஷ் (அதில் கோத்துப் பிடிக்கும் வார்). பூனையின் நகங்களை வெட்டிவிடுங்கள். நுனியை மட்டும்தான் சொல்கிறேன். நகத்தையே அறுவை செய்து எடுப்பது விரல் எலும்பின் முனையையே வெட்டுவது, அந்தப் பேச்சே வேண்டாம்.

முதல் நாள் இரண்டையும் சந்திக்க வைக்கலாமா?

வேண்டாம். குட்டி வரும்போது பூனை தன் அறையில், கதவு மூடி. குட்டி வீட்டை மோப்பம் பிடிக்கட்டும், சிறுநீர் கழிக்கட்டும், தூங்கட்டும். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். அந்தத் தூக்க நேரமெல்லாம் பூனை வெளியே வந்து வீட்டைச் சுற்ற வேண்டிய நேரம். குட்டியைக் கூண்டில் தூங்கவைத்துவிட்டுப் பூனையைத் திறந்துவிடுங்கள். அது மோந்து மோந்து வாலை உப்பவைத்துக்கொண்டு நடக்கும். நடக்கட்டும், துக்கம் விசாரிக்கப் போகாதீர்கள்.

இதற்கு நடுவில் வாசனையைப் பரிமாறுங்கள். பூனையின் கன்னத்தில் ஒரு துணியைத் தேய்த்து அதைக் குட்டியின் படுக்கை அருகே வையுங்கள், குட்டியைத் துடைத்த துணியைப் பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். தட்டுக்கு ஒட்டி வைத்தால் பூனை தட்டையே ஒதுக்கிவிடும். துணியைப் பார்த்துச் சீறாமல் சாப்பிட ஆரம்பித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். சில பூனைகளுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 3 வாரம்.

சரி, முதல் சந்திப்பை எப்படி நடத்துவது?

முதலில் நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போய், "இதோ பார், உன் தம்பி" என்று குட்டிக்குக் காட்டினேன். குட்டி ஒரே ஒரு குரை. பூனை என் முன்கையைப் படிக்கட்டாக்கி, தோளில் ஏறி, அங்கிருந்து பரணுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு அந்த அறைப் பக்கமே வரவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பது சும்மா சொன்னதில்லை. பூனையைத் தூக்கிப் பிடித்தால் தப்பிக்கும் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். தப்ப வழியில்லாத பூனைதான் கடிக்கும்.

சரியான முறை இது. குட்டியை நன்றாக விளையாடவைத்து, சாப்பிடவைத்து, கண் சொக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹார்னஸ், லீஷ் போட்டு ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். லீஷை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். இறுகிய லீஷ் குட்டியின் பதற்றத்தைக் கூட்டும். பூனைக்கு எந்தக் கட்டும் இல்லை. கதவைத் திறந்துவிடுங்கள், வரவேண்டும் என்று தோன்றினால் வரும். நடுவில் பேபி கேட் இருந்தால் இன்னும் நல்லது. இருவருக்கும் இடையே அறையின் முழு நீளமும் இருக்கட்டும்.

இப்போது குட்டியைப் பாருங்கள். பூனையைப் பார்த்துவிட்டு ஒரு நொடியாவது உங்கள் பக்கம் திரும்பினால், உடனே "சபாஷ்" என்று மெல்லச் சொல்லி ஒரு சிறு துண்டு ட்ரீட் கொடுங்கள். பூனையைப் பார்த்தால் உங்களிடம் ஏதோ கிடைக்கும் என்று அதன் மண்டையில் ஏறவேண்டும். அதுவரைக்கும் ட்ரீட் மழைதான், கஞ்சத்தனம் வேண்டாம். பூனைக்கும் அதற்குப் பிடித்ததை, அதன் இடத்திலேயே வையுங்கள். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்று இழுத்தால் அந்தக் கடைசி நிமிடத்தில்தான் கெடும். ஒரு நாளில் இப்படி மூன்று நான்கு முறை செய்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

பூனை சீறுகிறது, அறைகிறது. அதட்டலாமா?

கூடாது. சீற்றம் என்பது எச்சரிக்கைப் பலகை. பலகையைப் பிடுங்கிப் போட்டால் அடுத்தமுறை எச்சரிக்கையே இல்லாமல் பாயும். தண்ணீர் பீய்ச்சுவது, கைதட்டி விரட்டுவது எல்லாம், நாய் பக்கத்தில் இருந்தால் கெட்டது நடக்கும் என்று பூனைக்குச் சொல்லிக்கொடுக்கும். நகம் உள்ளிழுத்த ஒரு தட்டு குட்டிக்கு நல்ல பாடம். ஆனால் நகம் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை: குட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டோ நீர் வடிய விட்டுக்கொண்டோ இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். கருவிழியில் கீறல் விழுந்து புண்ணாகலாம்.

மிரண்டுபோன பூனையை உடனே தொடாதீர்கள். நாய்மேல் இருந்த கோபம் உங்கள் கையில் இறங்கும். தணிய ஒரு மணி நேரமும் ஆகலாம், சில சமயம் மறுநாளும் ஆகலாம்.

குட்டி பூனையைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். துரத்துவதற்கு யாரும் பரிசு கொடுக்க வேண்டியதில்லை, துரத்துவதே பரிசு. ஒருமுறை பூனை தலைதெறிக்க ஓடினால் குட்டிக்கு அது உலகின் மிகச் சிறந்த பொம்மை ஆகிவிடும். அதனால் நிறுத்துவதைவிட, தொடங்கவே விடாமல் இருப்பதுதான் சூட்சுமம்.

நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம், ஹார்னஸில் மெல்லிய நீள லீஷ் ஒன்று மாட்டித் தரையில் இழுபட விடுங்கள். குட்டி பூனையை நோக்கிக் கிளம்பும் அந்த நொடியில் லீஷை மிதித்துவிட்டு, குட்டியைக் கூப்பிட்டு வேறு வேலை கொடுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் எதிலாவது சிக்கிக்கொள்ளும். "வா", "விடு", "உட்கார்" என்ற மூன்று சொற்களைப் பூனை இல்லாத இடத்தில் நன்றாகப் பழக்கிவிட்டுத்தான் பூனை இருக்கும் இடத்தில் பயன்படுத்த வேண்டும். கத்துவதால் பலனில்லை; நீங்களும் சேர்ந்து குரைக்கிறீர்கள் என்றுதான் குட்டி நினைக்கும்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்பார்கள். இந்த வீட்டில் மணியைக் குட்டிக்குக் கட்டுங்கள். அது எந்த மூலையில் என்ன திட்டத்தோடு போகிறது என்று அடுப்படியில் இருந்தபடியே உங்களுக்குத் தெரியும்.

ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். முன்கால் மடக்கி, பின்புறம் தூக்கி, குரைத்துக் குதித்தால் விளையாட்டு அழைப்பு. தொல்லைதான், ஆனால் திருத்தலாம். சத்தமே இல்லாமல், உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் இமைக்காமல் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காது அசையாவிட்டால், அது இரை பார்க்கும் பார்வை. அந்த இடத்தில் நானாக ஏதாவது செய்து பார்க்கிறேன் என்று இறங்க வேண்டாம். இரண்டையும் பிரித்துவைத்துவிட்டு, அடிக்காமல் பழக்கும் ஒரு பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள்.

பூனை கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. எப்போது கவலைப்பட வேண்டும்?

முதல் இரண்டு மூன்று நாள் ஒளிந்திருப்பது இயல்பு. நான் பார்ப்பது இரண்டு விஷயம்: சாப்பாடும் சிறுநீரும்.

ஒரு முழு நாள் எதுவும் சாப்பிடவில்லையென்றால் டாக்டரை அழையுங்கள். சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கு ஆபத்தாகும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். மன அழுத்தம் சிறுநீர்ப்பையையும் தாக்கும். குறிப்பாக ஆண் பூனை லிட்டர் பாக்ஸுக்கு அடிக்கடி போய் முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், குழாய் அடைத்திருக்கலாம். அது அவசரம். நாளை காலை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது, நடு இரவானாலும் கிளம்புங்கள்.

குட்டி லிட்டர் பாக்ஸில் இருப்பதைத் தின்கிறது! என்ன செய்ய?

அருவருப்பாக இருந்தாலும், இதைச் செய்யாத குட்டி அபூர்வம். பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம், அதன் மிச்சமும் மணக்கிறது போல. புழு தொற்றும், கட்டியாகும் மணலை நிறையத் தின்றால் குடலும் அடைக்கும். அதட்டிப் பயனில்லை, எட்டாமல் வைப்பதே வழி. மூடிபோட்ட பெட்டி வாங்கி, குட்டிக்கு எட்டாது என்று நினைக்காதீர்கள். தலை நுழைந்துவிடும், போதாததற்கு உள்ளே போன பூனையை வாசலில் காத்திருந்து மடக்கும். பெட்டியைப் பேபி கேட்டுக்கு அந்தப் பக்கம் வையுங்கள். எத்தனை பூனையோ அதைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்கட்டும்.

சாப்பாட்டுத் தட்டும் அப்படியே, மேடையில். பூனை உணவைக் குட்டி தின்றால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போகும். தலைகீழாகப் பூனை மாதக்கணக்கில் நாய் உணவிலேயே வாழ்ந்தால்தான் பெரிய ஆபத்து. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தயாரிப்பதில்லை, உணவிலிருந்து வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். இதயத்தோடு உள்ள இந்தத் தொடர்பு 1987-ல்தான் உறுதியானது. அதற்குப் பிறகுதான் பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள்.

குட்டிக்கு உண்ணி மருந்து போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நாய்களின் கழுத்தில் விடும் சில உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாது. பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகும். பூனைக்குப் போடாமல் இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். மருந்து காயாத நாயோடு உரசினாலோ அதை நக்கினாலோகூட விஷம்தான்.

டாக்டரிடம் போகும்போது முதல் வாக்கியமே "வீட்டில் பூனை இருக்கிறது" என்பதாக இருக்கட்டும். பெர்மெத்ரின் இல்லாத மருந்துகள் நிறைய உண்டு. தவறிப் பட்டுவிட்டால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருந்து அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தடுப்பூசி?

இரண்டுக்கும். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3-4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போடுவார்கள். நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸின் இன்றைய வகைகள் பூனையையும் பிடிக்கும், அதனால் வீட்டை விட்டு வெளியே போகாத பூனைதானே என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய் ஊசி இரண்டுக்கும் கட்டாயம். குடற்புழு மருந்தையும் ஒரே காலத்தில் கொடுங்கள். தெள்ளுப்பூச்சி வழியாக நாடாப்புழு இரண்டுக்கும் போகும்.

இரண்டு மூன்று பூனைகள் இருந்தால்?

ஒவ்வொன்றாக. தைரியசாலியிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால், நாயால் வந்த பதற்றத்தில் பூனைகளே தங்களுக்குள் அடித்துக்கொள்ளும். அது சரியாக மாதக்கணக்காகும்.

எத்தனை நாளில் சரியாகும்? தனியாக விட்டுவிட்டு வெளியே போகலாமா?

சில வாரத்திலிருந்து சில மாதம் வரை. என் இரண்டாவது முயற்சியில் ஒரு பூனை பத்தே நாளில் பேபி கேட்டைத் தாண்டி வந்து குட்டியின் மூக்கை மோந்தது. இன்னொன்று ஐந்து மாதம் எடுத்தது.

தனியாக விடுவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்: ஒரு மாதம் முழுவதும் துரத்தல் ஒன்றுகூட இல்லாமல் இருக்க வேண்டும், பூனை ஓடினாலும் குட்டி எழுந்திருக்கக் கூடாது. அதுவரை வெளியே போனால் நடுவில் ஒரு மூடிய கதவு. குட்டியின் உடம்பு பூனையைவிடப் பலமடங்கு பெரிதாகப் போகிறது என்றால் இன்னும் கண்டிப்பாக இருங்கள், ஏனென்றால் பெரிய நாய் விளையாட்டுக்குக் கால் வைத்தாலே பூனையின் எலும்பு முறியும். 6 மாதத்துக்குப் பிறகு விடலைப் பருவம் வரும். கற்றதெல்லாம் மறந்ததுபோல மறுபடி துரத்த ஆரம்பிக்கும். பதறாமல் அந்த நீள லீஷை எடுத்து மறுபடி மாட்டுங்கள்.

எவ்வளவு முயன்றும் ஒத்துவரவில்லை என்றால்?

சில வீடுகளில் அப்படியும் ஆகும். வீட்டை இரண்டாகப் பிரித்து, நேரம் மாற்றி மாற்றி வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும்; கதவு மூடிப் பழகிவிட்டால் அதுவும் ஒரு வாழ்க்கைதான். பூனை எடை குறைந்துகொண்டே போகிறது, உடம்பு முடி கொட்டும் அளவுக்குத் தன்னையே நக்குகிறது, லிட்டர் பாக்ஸை விட்டு மூலையில் போகிறது என்றால், முதலில் நோய் எதுவும் இல்லை என்று டாக்டரிடம் உறுதிசெய்யுங்கள். அதன்பின் விலங்கு நடத்தை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதுவும் உதவவில்லையென்றால் குட்டிக்கு வேறு நல்ல வீடு தேடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. தேடுவதென்றால் அது குட்டியாக இருக்கும்போதே தேடுங்கள். மூன்று மாதக் குட்டியைக் கேட்பவர்கள் வரிசையில் நிற்பார்கள், ஒன்றரை வயது நாயைக் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம்.